விளக்கு வச்ச வரிசை

சன்னல் பக்கம் நீயே உக்காந்துக்க தாயி, எனக்குக் காத்து ஒத்துக்காது. பையை மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் நகத்து. நான் எட்டயபுரம் வரைக்கும்தான். நீ தூத்துக்குடியா? நல்லதாப் போச்சு. ஒண்ணு கேக்குறேன், தப்பா நினைக்காத. பஸ் ஸ்டாண்டுல நீ லேப்டாப்பைத் தொறந்து வச்சு, ஒரு புள்ளை போட்டோவுல பின்னாடி கெடந்த குப்பைத் தொட்டியை எடுத்துக்கிட்டு இருந்தியே, நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சுத்தமா எடுத்திட்ட. தடமே தெரியல. அது என்ன சாப்ட்வேரு? காசு குடுத்து வாங்குனதா, சும்மா வர்றதா?

ஆபீசுல குடுத்ததா. அப்ப காசுதான். சரி, இருக்கட்டும்.

இந்தப் பொம்பளைக்கு இது எதுக்குன்னு பாக்குற. நானும் அந்த வேலை தெரிஞ்சவதான். சிரிக்காத தாயி, மெய்யாத்தான். அருப்புக்கோட்டையில வந்து இந்திராணி டெய்லர்னு கேட்டுப் பாரு, சின்னப் புள்ளையும் கடையைக் காட்டும். ஆனா போட்டோ வேலைக்காகக் கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது, அது நான் யாருக்கும் சொல்லாமக் கத்துக்கிட்டது. சும்மா வர்ற சாப்ட்வேர்ல எது நல்லவன், எது திருட்டுப்பய, எது கடைசி வரைக்கும் கூட வந்து கழுத்தை அறுக்கும்னு என்னைக் கேளு. ஒண்ணு விடாமச் சொல்றேன். எல்லாம் ஒருத்தியைப் பழி வாங்குறதுக்காகக் கத்துக்கிட்டது.

யாரா? என் நாத்தனா. சண்முகத்தாய். எட்டயபுரத்துல குடுத்திருக்கு. இப்ப அவ வீட்டுக்குத்தான் போறேன்.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் உனக்கு நியாயம் புரியும். எங்க வீட்டுல அவுக, அதான் என் வீட்டுக்காரர், போட்டோவுக்கு நிக்கவே மாட்டாக. நின்னா ஆயுசு கொறையும்னு யாரோ சொல்லி வச்சிருக்காக. ரேசன் கார்டுல ஒண்ணு, ஓட்டுக் கார்டுல ஒண்ணு, ரெண்டுலயும் போலீசு புடிச்சிட்டுப் போற ஆளு மாதிரி இருப்பாக. எங்க கல்யாணத்துக்கு எடுத்ததெல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு. சண்முகத்தாய் மக கல்யாணத்துல மட்டும் எந்தச் சாமி புகுந்துச்சோ, அவ மகன் செல்லை நீட்டிக்கிட்டு வந்தான், 'மாமா, அத்தை, சிரிங்க'ன்னான். இவுக டக்குன்னு என் தோள்ல கையைப் போட்டாக. போட்டுட்டுச் சிரிச்சாக, பல்லு தெரிய. நாலு பேரு முன்னாடி அவுக என் மேல கை வச்சது ஆயுசுக்கும் அன்னைக்கு ஒருதரந்தான். எனக்கு வெக்கமாப் போச்சு. நான் தலையைக் குனிஞ்சிட்டேன், அப்படியே விழுந்திருக்கு போட்டோவுல. அடுத்த வருசம் நெஞ்சு வலின்னு உக்காந்தாக, அவ்வளவுதான். ஆக, அந்த ஒரு போட்டோதான். அதை மனசுல வச்சுக்க, பின்னாடி வரும்.

அவுக போய்த் தலைத்தெவசம் முடிஞ்சிருச்சு. அதுக்குப் பொறவு சண்முகத்தாய் பேரனுக்குக் காதுகுத்து. பேனர் வச்சா. வைக்கட்டும், நம்ம பக்கத்துல பேனர் இல்லாம என்ன விசேசம் நடக்குது? உனக்குத்தான் தெரியுமே அதுல இருக்கிற முறை. நடுவுல புள்ளை. பக்கத்துல தாய்மாமன், கூலிங் கிளாசு போட்டுக் கையைக் கட்டிக்கிட்டு. கீழ சொந்தக்காரக தலையெல்லாம் வட்ட வட்டமா, கும்புட்டுக்கிட்டு. உச்சியில ஒரு வரிசை, அது செத்துப் போனவுகளுக்கு. மேகத்துக்கு நடுவுல இருப்பாக, முன்னாடி குத்துவிளக்கு எரியும்.

அந்த உச்சி வரிசையில நான் இருந்தேன் தாயி.

ஆமா, நான்தான். உசுரோட உன் பக்கத்துல உக்காந்திருக்கேனே, இதே நான். மாமனார், மாமியார், அவுகளுக்குப் பக்கத்துல அந்த போட்டோ. என் வீட்டுக்காரரும் நானும், வட்டத்துக்குள்ள, மேகத்துல. விளக்கு எங்க எரியுதுன்னா என் நெஞ்சுல எரியுது. மண்டபத்து வாசல்ல ஆட்டோவுல இருந்து எறங்கி நிமுந்து பாக்குறேன். எனக்குப் பின்னாடி எறங்குன பெரியப்பா ஒருத்தர் பேனரைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, மறுபடி ஆட்டோவுக்குள்ள ஏறிட்டாரு.

அதோட போச்சா? எவனோ அதை போட்டோ புடிச்சு வாட்சப்புல போட்டுட்டான். நான் எட்டயபுரத்துல பந்தியில உக்காந்து பாயசம் குடிக்கிறேன், அருப்புக்கோட்டையில என் கடை வாசல்ல பொம்பளைக கூட்டம். அழ வந்தாளுகன்னு நினைக்கிறியா? தைக்கக் குடுத்த ஜாக்கெட்டுத் துணியைத் திருப்பி வாங்க வந்திருக்காளுக. ஒருத்தி பூட்டை ஆட்டிப் பாத்தாளாம். மாலையோட வந்தது ஒரே ஒரு ஆளு, எனக்குப் பணம் தர வேண்டிய பழைய பாக்கிக்காரன்.

சிரி, சிரி. எல்லாரும் சிரிச்சாகதான். எனக்குச் சிரிப்பு வரல. ஏன்னு சொல்றேன் கேளு. அவுக போன நாள்ல இருந்து எனக்கு எல்லா விசேசத்துலயும் பின் வரிசைதான். ஆலாத்தித் தட்டை நான் தூக்குனா ஒரு கை வந்து மெதுவா வாங்கிக்கிடும். யாரும் ஒரு சொல்லு சொல்ல மாட்டாக, சிரிச்சுக்கிட்டே வாங்கிருவாக. சரி, ஊர் வழக்கம், பொறுத்துக்கிட்டேன். இருந்தாலும் நான் இருக்கேன்ல? சோறு திங்கிறேன், மிசின் மிதிக்கிறேன், மகனுக்குப் பொண்ணு பாக்குறேன். புருசன் போனா பொண்டாட்டியும் போன மாதிரிதான்னு எல்லாரும் மனசுக்குள்ள நினைக்கிறாக. அதைப் பத்தடிக்கு எழுதி, விளக்கேத்தி, வாசல்ல கட்டுனவ சண்முகத்தாய் ஒருத்திதான்.

நேரா போயிக் கேட்டேன். அவ என்ன சொன்னா தெரியுமா? 'ஐயோ மதினி, அண்ணன் கை உன் தோள் மேல இருக்குல்ல. உன்னை வெட்டுனா அண்ணன் கையும் போயிரும்னு பேனர் கடைக்காரரு சொன்னாரு. கையில்லாம எங்கண்ணனை வைக்க எனக்கு மனசு வரல. உங்களைப் பிரிக்கவும் மனசு வரல. அப்படியே வச்சிருங்கன்னுட்டேன்'னு சொல்லிட்டுக் கண்ணைக் கசக்குறா. எப்படி இருக்கு பாரு கதை! மொழுகுறதுன்னா அவகிட்டத்தான் கத்துக்கிடணும். அப்பறம் புள்ளைக்குக் காது குத்தும்போது என் கையைப் புடிச்சு முன்னாடி இழுத்து நிப்பாட்டுறா, 'எங்க மதினி இங்க நிக்கட்டும்'னு சத்தமா சொல்லிக்கிட்டு. எதுக்குங்கிற? பேனர்ல பாத்த மூஞ்சியை எல்லாரும் நேர்ல ஒருதரம் ஒத்துப் பாத்துக்கிடட்டும்னுதான். எனக்குத் தெரியாதா அவளை?

அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். என் மகன் கல்யாணம் வரும்ல. அதுக்கும் பேனர் வரும்ல. அதுலயும் ஒரு உச்சி வரிசை இருக்கும்ல. அங்க இவளை ஏத்துறேன். உசுரோட, மேகத்துல, விளக்கோட.

பிளக்ஸ் கடைக்குப் போயி விசயத்தைச் சொன்னா, எந்தக் கடைக்காரனும் செய்ய மாட்டேன்னுட்டான். தெரியாம நடந்தா அது வேற, தெரிஞ்சு செஞ்சா பாவம்கிறான். நீங்களே ரெடியா வடிவமைச்சுக் கொண்டாந்தா பிரிண்டு மட்டும் போடுவோம், அதுல என்ன இருக்குன்னு நாங்க பாக்குறதில்லன்னான். பாவத்துக்கு எப்படி எல்லை கட்டுறான் பாரு.

சரி, நானே பண்ணிக்கிறேன்னு எறங்குனேன். வெட்டுறது எனக்கென்ன புதுசா? வெட்டித்தானே புள்ளையைப் படிக்க வச்சேன். மகன் கோயம்புத்தூர்ல வேலைக்குச் சேந்ததும் அவன் பழைய லேப்டாப்பை எனக்குக் குடுத்துட்டுப் போனான், சீரியல் பாக்க. என் பழைய செல்லுல இருந்த படத்தை எல்லாம் அதுலதான் ஏத்தி வச்சிருந்தான். ஆனா ஒண்ணு, அப்பவே ஒரு சபதம் எடுத்தேன். இந்தச் சண்முகத்தாய்க்காக என் கையில இருந்து ஒத்தப் பைசா போகக் கூடாது. சும்மா வர்ற சாப்ட்வேர்லதான் அவளைச் சாகடிக்கணும்.

இப்ப கேளு. மொதல்ல செல்லுல ஒண்ணு எறக்குனேன். படத்தைப் போட்ட உடனே அதுவா வெள்ளையடிக்குது. சண்முகத்தாய்க்கு எடது கன்னத்துல ஒரு மரு இருக்கும், மொளகு அளவுக்கு. அதை எடுத்துருச்சு. கண்ணைப் பெருசாக்கி, உதட்டுக்குச் சாயம் பூசி, அவளைக் கல்யாணப் பொண்ணு மாதிரி ஆக்கிருச்சு. நான் கொல்லக் கொண்டு போனா அது சீவிச் சிங்காரிச்சுக் குடுக்குது! அழிச்சிட்டேன்.

அடுத்தது இன்டர்நெட்டுல. அது கெட்டிக்காரப்பய. ஒரு தட்டுதான், ஆளைத் தனியா, பின்னாடி இருக்கிறதைத் தனியாப் பிரிச்சிருச்சு. அடடான்னு கும்புட்டுட்டு எறக்கப் போனா, சின்னதா வேணும்னா சும்மா, பெருசா வேணும்னா காசுங்குது. சின்னதை வச்சுப் பேனர் அடிச்சா மூஞ்சி கலங்கிப் போகும். அவளை யாருன்னே தெரியாம மேல ஏத்தி என்ன பிரயோசனம்? மரு தெரிய வேணாமா?

இன்னொண்ணு எல்லாம் நல்லாச் செஞ்சு குடுத்துட்டு, நெத்தியில இருந்து தாடை வரைக்கும் குறுக்கால அவன் கம்பெனிப் பேரை முத்திரை குத்தியிருந்தான், கசாப்புக் கடையில தொடையில குத்துற மாதிரி. இன்னொருத்தன் ஏழு நாள் சும்மான்னான், கூடவே கார்டு நம்பரைக் கேட்டான். சும்மா குடுக்கிறவனுக்குக் கார்டு நம்பர் எதுக்குடா? ஓசியில கெடைச்சா பினாயிலையும் குடிக்கிற ஆளுகளைப் புடிக்கிறதுக்குன்னே தூண்டி போட்டு உக்காந்திருக்கான். நான் மாட்டல.

கடைசியிலதான் அந்த நரி மூஞ்சிக்காரன் கெடைச்சான். அந்தச் சாப்ட்வேருக்குப் போட்டிருக்கிற படத்துல ஒரு நரியோ நாயோ, வாயில தூரிகையைக் கவ்விக்கிட்டு இருக்கும். நிசமாவே சும்மா தாயி. காசு கேக்கல, கார்டு கேக்கல, முத்திரை குத்தல, விளம்பரம் இல்ல. எனக்கே சந்தேகமாப் போச்சு. தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதேம்பாக, நான் பாத்தேன், பல்லு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. ஒரே கஷ்டம், தொறந்தா விமானம் ஓட்டுற எடம் மாதிரி பொத்தான். எதைத் தொட்டா என்ன ஆகும்னு தெரியாது. யூடியூப்புல ஒரு பையன் 'வணக்கம் நண்பர்களே'ன்னு ஆரம்பிச்சுச் சொல்லித் தருவான். அவன் வேகத்துக்கு என்னால போக முடியாது, நிப்பாட்டி நிப்பாட்டிப் பாப்பேன். அடுக்கு அடுக்கா வேலை பாக்கணும்னான் பாரு, அதுல புடிச்சிக்கிட்டேன். மேல் துணி, கீழ லைனிங் துணி. ஒண்ணைத் தொட்டா இன்னொண்ணு கலையக் கூடாது. இதைத்தானே நான் காலம்பூரா பண்றேன்?

புதுசா ஆரம்பிக்கிறவங்க யாரும் உன்கிட்டக் கேட்டா அந்த நரியைச் சொல்லு. பொறுமை இருந்தா அதுதான். பொறுமைக்கு என்ன வேணும்னா, ஒருத்தர் மேல நல்ல கோவம் வேணும்.

ஒரு கோடை பூரா உக்காந்தேன். சண்முகத்தாய் போட்டோ ஒண்ணைத் தேடிப் புடிச்சு, பெருசாக்கிப் பெருசாக்கி ஓரம் வெட்டுனேன். அவ மூஞ்சியை நான் பாத்த மாதிரி அவ புருசன்கூடப் பாத்திருக்க மாட்டான். வலது புருவத்துல ஒரு கீத்து இருக்கும், அது அவுக சின்னப் புள்ளையில பம்பரம் விட்டுப் பட்டதாம். முன் பல்லு ஒண்ணு லேசா ஏறி நிக்கும், அதே மாதிரிதான் அவுகளுக்கும். மூக்கு ஓரமும் அவுகளுக்கு இருக்கிற மாதிரியேதான் இருக்கும். இதெல்லாம் எனக்கு எதுக்கு? வெட்டுறதுக்குத்தான் பாத்தேன். பாத்துப் பாத்து எனக்கு அவ மேல கோவம் இன்னும் ஏறுச்சு. இம்புட்டு அண்ணன் சாடை வச்சுக்கிட்டு இந்த வேலை பாத்திருக்காளேன்னு.

அவளை எங்க வைக்கிறதுங்கிறதையும் யோசிச்சு வச்சிருந்தேன். சும்மா ஓரத்துல வச்சா வலிக்காது. என்னை எங்க வச்சாளோ அதே எடத்துல. அதே போட்டோ, அதே மேகம், அதே விளக்கு. என்னைத் தூக்கிட்டு அங்க அவளைச் சொருகுறது.

அப்பத்தான் சண்முகத்தாய்கிட்ட அந்தக் கடைக்காரன் சொன்னது வாஸ்தவம்னு தெரிஞ்சுச்சு, அந்தக் கை இருக்கு பாரு, அது மகாக் கஷ்டம். என்னை வெட்டுனா அவுக விரலு என் சேலையோட போயிருது. விரலை விட்டு வெட்டுனா என் தோள் துண்டு ஒட்டிக்கிட்டு நிக்குது. பெருவிரல் என் சங்கிலி மேல இருந்துச்சு. ஒவ்வொரு விரலாச் சுத்தி வந்தேன். மோதிர விரல்ல ஊசி ஏறுன தழும்பு, என் மிசினை ஒருக்க ரிப்பேரு பாத்தப்ப ஏறுனது, அது கூடத் தெரிஞ்சுச்சு. விரலை எல்லாம் வச்சுக்கிட்டு என்னை எடுத்திட்டேன். தலை குனிஞ்சிருந்தேன் பாரு, முடி ஓரம் லேசா வந்திருச்சு. அந்தக் கைக்குக் கீழ சண்முகத்தாயைக் கொண்டாந்து வச்சேன். அம்சமாப் பொருந்திருச்சு. நீ பாத்திருந்தா உனக்கே தெரியாது.

கல்யாணம் ஆவணியில. பேனர் மண்டபத்து வாசல்ல ஏறுன பொறவுதான் என் மகன் பாத்தான். 'அம்மா, என்னம்மா இது? அத்தை நல்லா இருக்காகளே அம்மா'ன்னு கத்துறான். 'நானும் நல்லாத்தாண்டா இருந்தேன்'னேன். கழட்டப் போனான், கழட்டுனா தாலி கட்டுறதுக்கு நான் வர மாட்டேன்னுட்டேன். வாசல்லயே ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்துட்டேன். மாப்பிள்ளையோட அம்மா உள்ள வேலையை விட்டுட்டு வாசல்ல என்ன பண்றான்னு எல்லாரும் கேக்குறாக. நான் அவ மூஞ்சியைப் பாக்கணும் தாயி. நான் நிமுந்து பாத்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சோ, அதை அவ மூஞ்சியில பாக்கணும். அதுக்குத்தானே இம்புட்டும்.

வந்தா. வேன்ல இருந்து எறங்குனா. நிமுந்து பாத்தா.

பாத்தவ அப்படியே நின்னுட்டா. ஆகா, விழுந்துச்சுடா அடின்னு நான் எந்திரிச்சிட்டேன். கிட்டப் போனா. பேனரைக் கையால தொட்டா. அவ தோள் இருக்கிற எடத்தை, அந்தக் கை இருக்கிற எடத்தை. திரும்பி என்னையப் பாக்குறா, கண்ணு பூரா தண்ணி. 'மதினி, அண்ணன் என் தோள்ல கை போட்டிருக்கு மதினி'ங்கிறா. 'நான் பெரிய மனுசியானதுல இருந்து எங்கண்ணன் என்னைத் தொட்டதில்ல. பொம்பளைப் புள்ளைன்னு எட்டத்துலயே நின்னுரும். உன் எடத்தை எனக்குக் குடுத்திட்டியே மதினி'ன்னு என்னையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுறா!

'ஏய், அது செத்தவுக வரிசைடி, விளக்கைப் பாருடி'ன்னு சொல்லவே சொல்லிட்டேன். 'இருந்தா என்ன மதினி, எங்கப்பா எங்கம்மா அண்ணன் எல்லாம் அங்கதானே இருக்காக'ங்கிறா. ஒவ்வொருத்தரையாக் கையைப் புடிச்சு இழுத்துட்டு வந்து காட்டுறா. 'எங்க மதினி செஞ்சது, ராத்திரி பகலா உக்காந்து எனக்காகச் செஞ்சிருக்கு'ங்கிறா. எனக்காகவாம்! வந்த சனமெல்லாம் நாத்தனா மேல இம்புட்டுப் பாசமான்னு என்னையப் பாத்து உச்சுக் கொட்டுது. ஒருத்தி, அவ மருமககிட்ட என்னையக் காட்டி, 'பாத்துக்க, இப்படி இருக்கணும்'கிறா. நான் அங்கேயே நெஞ்சு வெடிச்சுச் செத்திருந்தா அந்த வரிசைக்குச் சரியாப் போயிருக்கும்.

பழி வாங்குறதுக்கும் ஒரு எதிராளி வேணும்ல தாயி. செவுத்துல அடிச்சா பந்தாவது திரும்பி வரும். இவகிட்ட அடிச்சா மாவுல அடிச்ச மாதிரி உள்ள போயிருது.

சரி, அதோட விட்டிருக்கலாம். கல்யாணம் முடிஞ்சு எல்லாரும் போனாக. மகனும் மருமகளும் மறுவீட்டுக்குப் போயிட்டாக. வீடு வெறிச்சோடிக் கெடந்துச்சு. கோவம் அடங்கல. அவுககிட்டச் சொல்லிப் பொலம்புவோம்னு லேப்டாப்பைத் தொறந்தேன். எப்பவும் அப்படித்தான், எதுன்னாலும் அந்த போட்டோவைத் தொறந்து வச்சுக்கிட்டுச் சொல்லுவேன். 'உங்க தங்கச்சியைப் பாத்தீகளா'ன்னு ஆரம்பிச்சேன்.

படத்துல அவுக சிரிச்சுக்கிட்டு இருக்காக. கை தோள்ல இருக்கு. தோளு சண்முகத்தாயோடது.

தப்பான படத்தைத் தொறந்துட்டேன்னு நினைச்சேன். தேடுனேன். அது ஒண்ணுதான் இருந்துச்சு. அப்பறம் ஞாபகம் வந்துச்சு. முடிக்கிறப்ப அந்த நரி கேட்டுச்சு, பழைய படத்துக்கு மேலயே எழுதவான்னு. இருந்த ஆத்திரத்துல ஆமான்னு அமுக்கிட்டேன். துணியில கத்திரியை வைக்கிறதுக்கு முன்னாடி பேப்பர்ல வெட்டி வச்சுக்கங்கடின்னு எத்தனை பேருக்கு நான் சொல்லிக் குடுத்திருப்பேன். வெட்டி எடுத்தேனே என்னை, அந்தத் துண்டாவது இருக்கான்னு பாத்தேன். வச்சுக்கிடல. நம்மளைத்தானே வெட்டுறோம், இது எதுக்குன்னு விட்டுட்டேன் போல.

பழைய செல்லு எப்பவோ போச்சு. மகன்கிட்டக் கேட்டேன், அவன்கிட்ட இல்ல. படம் எடுத்த சண்முகத்தாய் மகனோட செல்லு கெணத்துல விழுந்துருச்சாம். சண்முகத்தாய் பேனர் அடிச்ச பிளக்ஸ் கடையில போயி நின்னேன், கம்ப்யூட்டரை மாத்துனதுல பழசெல்லாம் போயிருச்சும்மாங்கிறான். காதுகுத்து அன்னைக்கு வாட்சப்புல சுத்துச்சே, அதை வாங்கிப் பாத்தேன். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்னு எடுத்தது, நாங்க ரெண்டு பேரும் கடுகு மாதிரி இருக்கோம். அவுக சிரிக்கிறது தெரியல.

இப்ப என்னோட அவுக இருக்கிற போட்டோ இந்த உலகத்துல ஒரே ஒரு எடத்துலதான் இருக்கு. என்னைச் செத்தவளாக்குன அந்தப் பேனர்ல.

அதைக் கிழிச்சு ஆட்டுக் கொட்டகைக்கு மேல போட்டிருப்பாளோ, மொளகா காயப்போட விரிச்சிருப்பாளோன்னு விசாரிச்சேன். என் மகன்தான் போன்ல சொன்னான். மத்ததெல்லாம் கொட்டகைக்குத்தானாம். அந்த வட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து, அட்டையில ஒட்டி, சாமி ரூம்புல மாட்டியிருக்காளாம். தெனமும் அதுக்கு முன்னாடி விளக்கேத்துறாளாம். எங்க ரெண்டு பேருக்கும்.

பாத்தியா தாயி அவ வன்மத்தை? ஒருதரம் என்னைச் சாகடிச்சது பத்தாதுன்னு தெனமும் சாயங்காலம் விளக்கேத்திச் சாகடிக்கிறா! நீ என்ன அப்படிப் பாக்குற? பாசமா? நீ சின்னப் புள்ளை, உனக்கு ஆளுகளைத் தெரியாது.

அதான் போறேன். போயிக் கேப்பேனா? அவகிட்டக் கேக்க மாட்டேன். கேட்டா 'எடுத்துக்க மதினி'ன்னு கழட்டிக் குடுத்துருவா, அதை வேற நான் தாங்கணும். இந்தா, பையில கத்திரி இருக்கு பாரு. அவ காப்பி போட அடுப்படிக்குப் போகும்போது ஓரத்தை நெம்பி எடுத்துருவேன். வெறுங்கையோட போனா நல்லா இருக்காதேன்னு ஒரு ஜாக்கெட்டு தைச்சு எடுத்திட்டுப் போறேன், அரக்குக் கலரு. அளவா? அவளை அளந்தா தைக்கணும், ஒரு கோடை பூரா பாத்திருக்கேனே. கையை மட்டும் கொஞ்சம் இறுக்கமாத்தான் புடிச்சிருக்கேன். போடும்போதெல்லாம் என் நெனப்பு வரட்டும் அவளுக்கு.

அந்தா கோட்டைச் சுவரு மாதிரி தெரியுதே, எட்டயபுரம் வந்திருச்சா? இன்னும் கொஞ்சம் போகணுமா? சரி, அதுக்குள்ள நான் கேக்க வந்ததைக் கேட்டுறேன். அந்த அட்டையைச் செல்லுல போட்டோ புடிச்சா கம்ப்யூட்டர்ல ஏத்திறலாம்ல? ஏத்திட்டா, அதுல ஒரே ஒரு வேலைதான். விளக்கு என் மேல எரியுதுல்ல, நெஞ்சுல, சேலைக்கு மேல. அது பின்னாடி சேலை இருக்கும், வெளிர்நீலம், சின்னப்பூப் போட்டது, எனக்கு ஞாபகம் இருக்கு. அந்த விளக்கை மட்டும் தடம் தெரியாம எடுக்கணும். நீ குப்பைத் தொட்டியை எடுத்தியே, அந்த மாதிரி. மேகம் இருக்கட்டும், அவுக அங்கேயே இருக்கட்டும், அவுக போயிட்டாக. கை என் தோள்லயே இருக்கட்டும். விளக்கு மட்டும் எனக்கு வேணாம் தாயி.

அதுக்கு எது நல்லதுன்னு சொல்லு. நரி வேணாம், அதை நம்பி நான் மறுபடி ஆமான்னு அமுக்கிருவேன். நீ வச்சிருக்கியே, ஆபீசுல குடுத்தது, அதோட பேரை இந்த டிக்கெட்டு பின்னாடி எழுதிக் குடு. காசா? காசு இருந்துட்டுப் போகட்டும் தாயி. இது அவளுக்குச் செலவழிக்கிறது இல்ல.